ஒன்றே ஒன்று வாங்குவதென்றால்? பழைய இங்கிலாந்தின் புத்திமதித் தட்டுகளும் குவளைகளும்

இங்கிலாந்தில் 1790-களில் தொடங்கி ஏறக்குறைய நூறு வருடம், குழந்தைகளுக்கென்றே சின்னத் தட்டுகளும் குவளைகளும் செய்து விற்றார்கள். விரித்த உள்ளங்கை அளவுக்கோ அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவோ தட்டு. நடுவில் ஒரு படம். படத்தோடு ஒரு புத்திமதி: ‘நேரத்தை நல்லபடியாகச் செலவிடு’, ‘கடையை நீ கவனித்தால் கடை உன்னைக் கவனிக்கும்’, ‘நல்ல பையனுக்கு ஒரு பரிசு’. ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கும், ஞாயிற்றுப் பள்ளிக்குத் தவறாமல் போன பிள்ளைக்கும் கொடுத்த பரிசுப் பொருள்கள் இவை. ஞாயிற்றுப் பள்ளிகளை குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரைக்ஸ் 1780இல் ஆரம்பித்து வைத்தார். அது நாடு முழுக்கப் பரவிய காலமும் இந்தத் தட்டுகள் பெருகிய காலமும் ஒன்றுதான்.

பழம்பொருள் சந்தையில் இவற்றைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். எதை வாங்குவது? பொன்மொழித் தட்டா, விளிம்பில் ஆங்கில எழுத்துகள் புடைத்து நிற்கும் எழுத்துத் தட்டா, குழந்தையின் பெயர் போட்ட குவளையா, சுவரில் மாட்டும் சண்டர்லாந்துப் பீங்கான் பலகையா? எல்லாம் வாங்கப் பணமும் இடமும் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. ஒன்றே ஒன்று வாங்கப் போகிறவர்களுக்குத்தான் எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 1820-க்கும் 1850-க்கும் நடுவில் செய்த, விளிம்பில் பூ வேலைப்பாடு உள்ள பொன்மொழித் தட்டு ஒன்றை வாங்குங்கள். அதில் கீறலோ சின்ன விரிசலோ இருந்தால் தயங்காதீர்கள். பட்டறை முத்திரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஏன் என்பதற்கு, இவை எப்படிச் செய்யப்பட்டன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு தட்டிலும் கையால் படம் வரைந்தால் அது பணக்காரர் வீட்டுக்குத்தான் போகும். லிவர்பூலில் ஜான் சாட்லர், கய் கிரீன் என்ற இருவர் 1756இல் ஆறு மணி நேரத்தில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பீங்கான் ஓடுகளில் படம் அச்சிட்டுக் காட்டினார்கள். அதற்குப் பிறகு விஷயம் மாறிவிட்டது. செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, தகட்டைச் சூடாக்கி, எண்ணெயில் குழைத்த வண்ணத்தைத் தேய்த்து, மெல்லிய தாளில் ஒற்றி எடுப்பார்கள். அந்தத் தாளை, ஒருமுறை சுட்ட தட்டின்மேல் ஒட்டி, முரட்டுப் பிரஷால் அழுத்தித் தேய்ப்பார்கள். தண்ணீரில் தாளைக் கழுவிவிட்டால் படம் தட்டிலேயே நின்றுவிடும். அப்புறம் கண்ணாடிப் பூச்சில் தோய்த்து மறுபடி சூளைக்கு அனுப்புவார்கள். கடைசியாகச் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நாலைந்து வண்ணங்களைப் பூச்சின்மேல் தொட்டுத் தொட்டு வைத்து, மிதமான சூட்டில் இன்னொரு முறை சுட்டு எடுப்பார்கள். இந்த வேலையின் தலைநகரம் ஸ்டாஃபோர்ட்ஷர். டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று வரிசையாக ஆறு ஊர்கள். எல்லாம் இன்று ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்ற ஒரே நகரம். சண்டர்லாந்து, நியூகாசில், வேல்ஸில் ஸ்வான்ஸி போன்ற இடங்களிலும் செய்தார்கள்.

வேலை செய்த கைகள் யாருடையவை என்பதையும் சொல்லியாக வேண்டும். அச்சடித்த தாளைக் கத்தரித்துக் கொடுத்தவர்கள் சிறுமிகள். பிளாஸ்டர் அச்சின்மேல் களிமண்ணைத் தட்டாக்கியதும், அச்சோடு அதைத் தூக்கிக்கொண்டு வெந்து கிடக்கும் உலர்த்தும் அறைக்கு ஓடி ஓடி வைத்துவிட்டு வருவது சிறுவர்களின் வேலை. விடிகாலையில் தொடங்கி இரவு வரை அந்த ஓட்டம்தான். மலிவான சரக்குக்கு வண்ணம் வைத்ததிலும் பிள்ளைகளின் கைகள் நிறைய. 1841இல் சாமுவேல் ஸ்கிரிவன் என்ற அதிகாரி, குழந்தைத் தொழில் பற்றிய அரசு விசாரணைக்காக இந்தப் பட்டறைகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் வாக்குமூலங்களையே எழுதிக்கொண்டு வந்தார். அதன் பிறகும் 1864 வரை தொழிற்சாலைச் சட்டம் பீங்கான் பட்டறைகளை எட்டவில்லை. அந்த வருடம்தான் எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது, பதின்மூன்று வயது வரை அரை நேர வேலையும் அரை நேரப் படிப்பும் என்று விதி வந்தது.

ஆகவே ‘சீக்கிரம் படு, சீக்கிரம் எழு’ என்று ஒரு தட்டு சொல்லும்போது, அதைப் பரிசாக வாங்கிய குழந்தை ஒன்று. செய்வதற்கு விடியும் முன்பே எழுந்து போன குழந்தை இன்னொன்று. தட்டில் பச்சை வண்ணம் மரத்தின் கோட்டைத் தாண்டி வானத்தில் வழிந்திருக்கும். குதிரையின் கால்மேல் சிவப்பு சிந்தியிருக்கும். சேகரிப்பாளர்களில் சிலர் இதைத் தரக்குறைவு என்று ஒதுக்குவார்கள். நான் இதைத்தான் தேடி வாங்கச் சொல்வேன். பெரியவர்கள் குழந்தைகளிடம் எதிர்பார்த்தது அச்சில் இருக்கிறது. ஒரு குழந்தையின் கை உண்மையிலேயே செய்தது அந்தச் சிந்திய வண்ணத்தில் இருக்கக்கூடும். இரண்டும் ஒரே பொருளில் சேர்ந்து கிடைப்பது பொன்மொழித் தட்டில்தான் அதிகம். வண்ணம் வைத்தது யார் என்று எந்தத் தட்டுக்கும் பெயர் சொல்லி நிரூபிக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்தப் பட்டறைகளின் வரலாறு தெரிந்த பிறகு அந்த வழிந்த பச்சையைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது.

சரி, பொன்மொழித் தட்டுக்கே முதலில் வருவோம். இதில் மிகவும் கிடைப்பது பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் வாசகங்கள். அவர் ஃபிலடெல்ஃபியாவில் ‘ஏழை ரிச்சர்ட்’ என்ற புனைபெயரில் இருபத்தைந்து வருடம் ஒரு பஞ்சாங்கம் போட்டார். 1758ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தின் முன்னுரையில், உழைப்பும் சிக்கனமும் பற்றித் தாம் அதுவரை எழுதியவற்றைக் கோத்து, ஒரு கிழவர் ஏலத்துக்குக் கூடிய கூட்டத்தில் பேசுவது போல அமைத்தார். அது தனிப் புத்தகமாகவும் பரவியது. வாசகங்களில் பெரும்பாலானவை அவருக்கு முன்பே புழங்கிய பழமொழிகள். அவர் செதுக்கிக் கூர்மையாக்கியவை. அமெரிக்கச் சுதந்திரப் போரில் இங்கிலாந்துக்கு எதிரே நின்ற ஒருவரின் வாக்கை இங்கிலாந்துப் பட்டறைகளே தட்டில் அடித்து இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் விற்றன.

இந்தத் தட்டுகளின் சிறப்பு படமும் வாசகமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பது. ‘ஏரால் வாழ நினைப்பவன் ஏரைப் பிடிக்க வேண்டும், இல்லை மாட்டை ஓட்ட வேண்டும்’ என்றால் படத்தில் உழவு நடக்கும். ‘சொட்டுச் சொட்டாக விழும் நீர் கல்லையும் தேய்க்கும், சின்னச் சின்ன வெட்டு பெரிய மரத்தையும் சாய்க்கும்’ என்றால் கோடாலியோடு ஆள் நிற்பான். ‘சோம்பல் துருவைப் போல, உழைப்பைவிட வேகமாக அரிக்கும், புழங்குகிற சாவிதான் பளபளக்கும்’ என்ற வாசகம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே படத்தைச் சுற்றி இரண்டு மூன்று வாசகங்களை நெருக்கி அடித்த தட்டுகளும் உண்டு. எழுத்துப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொல்லிவிடலாம். செதுக்கியவரின் திறமை தெரியும் இடமும் அதுதான். கடைக்காரர் தராசு பிடிக்கிற விதம், ஏர்க்காரர் குனிந்திருக்கிற முதுகு, இவற்றைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது.

ஃபிராங்க்ளினைத் தவிர ஐசக் வாட்ஸ் 1715இல் குழந்தைகளுக்காக எழுதிய பக்திப் பாட்டுகளின் வரிகளும், ஆன் டெய்லர் 1804இல் வெளியிட்ட அம்மாவைப் பற்றிய கவிதையின் வரிகளும் தட்டுகளில் நிறைய. ‘வாடாத பூக்கள்’ என்ற தலைப்பில் ஒரு வரிசை வந்தது. பணிவு, சுறுசுறுப்பு, தாராள மனம், அதிகாலையில் எழுதல் என்று தட்டுக்கு ஒரு நற்குணம். விளிம்பில் டெய்சிப் பூக்கள் புடைத்து நிற்கும், அவற்றிலும் வண்ணம் தொட்டிருப்பார்கள். முதல் தட்டுக்கு இந்த வரிசை நல்ல தேர்வு. வாட்ஸின் வரிகள் உள்ள தட்டுகளை வாங்கும்போது மட்டும் படத்தைக் கவனியுங்கள். சில பட்டறைகள் கையிலிருந்த ஏதோ ஒரு செப்புத் தகட்டோடு சம்பந்தமில்லாத வாசகத்தைச் சேர்த்து அடித்திருக்கின்றன. அப்படிப்பட்டதை நான் வாங்கமாட்டேன்.

குறை என்ன? பெரும்பாலான பழைய தட்டுகளில் பட்டறையின் பெயர் இருக்காது. ‘எந்த ஊரில் செய்தது?’ என்று விருந்தாளி கேட்டால், பெரும்பாலும் ‘ஸ்டாஃபோர்ட்ஷராக இருக்கலாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். முத்திரை இல்லாத பொருளை வாங்க மனம் ஒப்பாதவர்களுக்கு இது உறுத்தும்.

அவர்களுக்கு எழுத்துத் தட்டு பொருத்தம். விளிம்பைச் சுற்றி ஆங்கில எழுத்துகள் இருபத்தாறும் புடைத்தோ அச்சடித்தோ இருக்கும், நடுவில் படம். இவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அதிகம் வந்தன. பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா போனது. ஹான்லியின் ஜே. அண்ட் ஜி. மீக்கின், டன்ஸ்டாலின் பிரௌன்ஹில்ஸ் பாட்டரி, பர்ஸ்லமின் எட்ஜ் மால்கின், லாங்டனின் சார்ல்ஸ் அல்லர்டன் போன்ற பெயர்கள் பின்பக்கத்தில் கிடைக்கும். காலம் கணிப்பதும் சுலபம். வைர வடிவப் பதிவு முத்திரை இருந்தால் அந்த வடிவமைப்பு 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவானது. வெறும் பதிவு எண் இருந்தால் 1884 முதல். ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிறகு. அந்த வருடம் முதல் அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் கட்டாயமானதுதான் காரணம்.

சைகை மொழியின் கைவிரல் வடிவங்களை எழுத்துகளோடு சேர்த்துப் போட்ட தட்டுகளும் உண்டு. கடிகார முகம் போட்டு மணி பார்க்கச் சொல்லித் தந்தவையும் உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டுச் சுவரில் எழுத்துத் தட்டு அழகாகத்தான் இருக்கும். ஆனால் நமக்கு வேண்டியது புத்திமதி. எழுத்துத் தட்டுகளின் நடுவில் பெரும்பாலும் இருப்பது நாய், யானை, பந்து விளையாட்டு, போர்த் தளபதி. புத்திமதி உள்ளதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதோடு, பின்னாளில் வந்தவற்றில் செதுக்கல் வேலை தளர்ந்துவிட்டது. கோடுகள் தடித்திருக்கும், முகங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அமெரிக்காவில் இவற்றைச் சேர்ப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால், படம் சுமாராக இருந்தாலும் எழுத்துகளுக்காகவே விலை வைப்பார்கள். இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நடுவில் ஃபிராங்க்ளினின் பழமொழியும் விளிம்பில் எழுத்துகளுமாக மீக்கின் பட்டறை செய்த தட்டுகள். காலத்தால் பிந்தியவை, ஆனால் உறுதியானவை, முத்திரையும் உள்ளவை. என் முதல் தேர்வு கிடைக்காவிட்டால் இதைத்தான் சொல்வேன்.

குவளைகளைப் பற்றி எழுதும்போது எனக்கே மனம் கொஞ்சம் ஆடுகிறது. ஆறேழு சென்டிமீட்டர் உயரம். ஒரு குழந்தையின் கை மட்டும் நுழைகிற கைப்பிடி. ‘மேரி’, ‘வில்லியம்’, ‘எலிசபெத்’ என்று பெயர். ‘சார்ல்ஸுக்கு ஒரு பரிசு’, ‘நல்ல பெண்ணுக்கு’, ‘என் அன்பு மகனுக்கு’. ‘ஜானுக்கு ஓர் ஆடும் குதிரை’ என்று எழுதிக் குதிரைப் படமும் போட்ட குவளைகள் உண்டு. நிஜக் குதிரைக்குப் பதில் அந்தக் குதிரைதான் பரிசு. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. இதைவிட அன்பான பொருள் இந்த வகையிலேயே இல்லை.

அப்படியிருந்தும் முதல் பொருளாகக் குவளையை வாங்க வேண்டாம் என்கிறேன். தட்டைவிடக் குவளை எளிதில் உடையும். அதனால் தப்பிப் பிழைத்தவை குறைவு, விலை கூடுதல். தட்டின் விலைக்கு இரண்டு மூன்று மடங்கு கேட்பது சாதாரணம். மஞ்சள் பூச்சுள்ள பழைய குவளைகளின் விலை இன்னும் மேலே போகும். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அவற்றுக்காகப் போட்டி போடுவார்கள். இரண்டாவது காரணம் கைப்பிடி. உடைந்த கைப்பிடியை மாற்றி வண்ணம் பூசி மறைத்த குவளைகள் ஏராளம். பழகாத கண்ணுக்கு அது தெரியாது. மூன்றாவதாக, பெயர்க் குவளையில் வாழ்த்து இருக்கிறதே தவிரப் புத்திமதி இருப்பது குறைவு. இருந்தாலும் ஒரு விதிவிலக்கு. உங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயர் ஜானாகவோ மேரியாகவோ இருந்து அதே பெயரில் ஒரு குவளை கண்ணில் பட்டால், நான் இதுவரை எழுதியதை மறந்துவிட்டு வாங்கிவிடுங்கள்.

சண்டர்லாந்துப் பலகை வேறு ரகம். வெள்ளைப் பீங்கான் பலகையின் ஓரத்தில் இளஞ்சிவப்பு மினுமினுப்பு மேகம் போலத் திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கும். தங்கத்தைக் கரைத்துச் செய்த பூச்சு அது. நடுவில் கறுப்பு எழுத்தில் வேத வசனம்: ‘நீர் என்னைக் காண்கிற தேவன்’, ‘உன் தேவனைச் சந்திக்கும்படி ஆயத்தப்படு’. மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்களின் சுவர்களில் தொங்கியவை இவை. பார்த்த உடனே கண்ணைப் பிடிக்கும், சுவரில் மாட்டத் துளையும் தயாராக இருக்கும். ஆனால் இவை குழந்தைகளுக்கென்று செய்தவை அல்ல, வீட்டுக்கே பொதுவானவை. போலிகளும் இந்த வகையில் அதிகம். குழந்தைப் பொருள்தான் வேண்டும் என்று வந்தவர் இதில் மயங்கிவிடக் கூடாது. இளஞ்சிவப்பு மினுமினுப்பில் குழந்தைத் தட்டுகளையும் செய்திருக்கிறார்கள். அது அகப்பட்டால் யோசிக்கலாம்.

மதுவிலக்குத் தட்டுகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தில் பாதிரியார் தியோபால்ட் மேத்யூ 1838இல் கார்க் நகரத்தில் தொடங்கிய மதுவிலக்கு இயக்கமும், லீட்ஸில் 1847இல் குழந்தைகளுக்காகவே தொடங்கிய ‘நம்பிக்கைப் படை’யும் தட்டுகளில் இடம்பிடித்தன. குடிக்கமாட்டேன் என்று உறுதிமொழி எடுத்த குழந்தைகளின் கைக்குப் போனவை அவை. வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இவை அருமையான பொருள்கள். குழந்தையின் அறையில் மாட்ட விரும்புகிறவர்களுக்குக் கொஞ்சம் இருட்டாகத் தெரியலாம்.

இப்போது சேதாரம். வாங்குபவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். ஒரு கீறல்கூட இல்லாத தட்டு ஒன்றும், விளிம்பில் மயிரிழை விரிசல் உள்ள தட்டு ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இரண்டாவது பாதி விலைக்கே கிடைக்கக்கூடும். சுவரில் மாட்டிப் பார்க்கப் போகிற நமக்கு இது நல்ல செய்தி. விரிசல் படத்தையோ எழுத்தையோ தொடாமல் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பூச்சில் வலை போன்ற நுண்வெடிப்பு இருப்பதும் இயல்பு. நான் ஒதுக்குவது மூன்று. படத்துக்கு நடுவே ஓடும் பழுப்புக் கறை, பூச்சின்மேல் வைத்த வண்ணம் தேய்ந்து போன தட்டு, மறைத்துப் பழுது பார்த்து ‘குறையில்லை’ என்று விற்பது. கத்தி போட்ட கீறல்கள் நிறைய இருந்தால் அந்தத் தட்டில் ஒரு குழந்தை நிஜமாகவே சாப்பிட்டிருக்கிறது. சில தட்டுகளில் ஒரு கீறலும் இருக்காது, அலமாரியிலேயே வாழ்ந்தவை. இரண்டில் எது பிடிக்கும் என்பது அவரவர் மனசு. எனக்குக் கீறல் உள்ளது.

விரிசல் கண்டுபிடிக்கப் பழைய வழி, தட்டை விரல்நுனியில் தாங்கி நகத்தால் மெதுவாகச் சுண்டுவது. நல்ல தட்டு கணீரென்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் மொட்டையாகச் சத்தம் வரும். மறைத்த பழுதுக்குப் புற ஊதா டார்ச் உதவும். இருட்டில் அடித்துப் பார்த்தால் பின்னால் பூசிய வண்ணமும் பசையும் வேறு நிறத்தில் தெரியும். சந்தைக்கு இந்த டார்ச்சையும் லென்ஸையும் எடுத்துப் போவதில் வெட்கமே வேண்டாம். நல்ல வியாபாரி கோபித்துக்கொள்ள மாட்டார்.

போலியைப் பிடிக்கவும் லென்ஸ்தான். நவீன அச்சில் புள்ளிகள் கட்டம் போட்டது போல ஒரே சீராக நிற்கும். செப்புத் தகட்டிலும் புள்ளி வைத்து நிழல் காட்டுவார்கள், அதைக் கண்டு பயந்துவிட வேண்டாம். அந்தப் புள்ளிகள் பெரிதும் சிறிதுமாக, கன்னத்தின் வளைவையும் துணியின் மடிப்பையும் தொடர்ந்து போகும். தட்டைத் திருப்பிப் பாருங்கள். சூளையில் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டாமல் இருக்க வைத்த முட்டுகளின் தடம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிய வேண்டும். 1779இல் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற பீங்கான் பட்டறைக்காரர் அறிமுகப்படுத்தி மற்றவர்களும் செய்யத் தொடங்கிய ‘முத்துப் பீங்கான்’ வகையில், அடிவளையத்தின் ஓரம் பூச்சு தேங்கிய இடத்தில் லேசான நீலம் தெரியும். அது இருந்தால் தட்டு பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அடிப்பாகத்தில் ஒரே சீராகத் தேநீர்க் கறை போல நிறம் ஏற்றியிருந்தால் தள்ளி வையுங்கள்.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் வாங்குமுன் ஒரு நாள் ஹான்லிக்குப் போய் வரலாம். அங்குள்ள பாட்டரீஸ் அருங்காட்சியகத்தில் ஸ்டாஃபோர்ட்ஷர் பீங்கானைக் கண்ணாரப் பார்த்துவிட்டால் சந்தையில் கண் ஏமாறாது. லாங்டனில் உள்ள கிளாட்ஸ்டன் பீங்கான் அருங்காட்சியகத்தில் பழைய பட்டறையும் பாட்டில் வடிவச் சூளைகளும் அப்படியே நிற்கின்றன. அச்சைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகளின் தூரம் எவ்வளவு என்று அங்கே போனால்தான் புரியும். வாங்குவதற்கு நியூவார்க் பழம்பொருள் சந்தை பெரியது. இணைய ஏலங்களில் வாங்கினால் பின்பக்கப் படமும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படமும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். சாதாரணப் பொன்மொழித் தட்டும் எழுத்துத் தட்டும் பெரும்பாலும் நூறு பவுண்டுக்குள் கிடைக்கும். அதற்கு மேல் கேட்டால் வாசகமோ படமோ காலமோ ஏதாவது ஒன்று விசேஷமாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பச் சொன்னால் பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று. இவற்றில் குழந்தைக்குச் சாப்பாடு போடாதீர்கள். அந்தக் காலத்துப் பூச்சிலும் மேலே வைத்த வண்ணங்களிலும் ஈயம் இருக்கிறது. புளிப்பான உணவு பட்டால் அது கசியும். பட்டறைகளில் பூச்சில் தட்டைத் தோய்த்த தொழிலாளிகளை முடக்கிப் போட்டதும் அதே ஈயம்தான். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் மேல் வண்ணம் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுச் சோப்பு, மென்துணி போதும். கறையை எடுக்கிறேன் என்று வீட்டு பிளீச்சை ஊற்றிவிடாதீர்கள். அதன் உப்பு உள்ளே படிந்து நாளடைவில் பூச்சையே பெயர்த்துவிடும். சுவரில் மாட்டக் கம்பிக் கொக்கிகளைவிடப் பின்னால் ஒட்டும் வட்டுகள் விளிம்புக்கு நல்லது. விரிசல் உள்ள தட்டைக் கம்பிக் கொக்கியில் மாட்டவே கூடாது. சின்ன மரத் தாங்கியில் அலமாரியில் நிறுத்தி வையுங்கள்.

ஒரே விலையில் இரண்டு கிடைத்து மனம் தடுமாறினால் நான் பார்க்கும் வரிசை இதுதான். முதலில் படமும் வாசகமும் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். அடுத்து செதுக்கலின் கூர்மை. அப்புறம் கையால் வைத்த வண்ணம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது. விளிம்பின் பூ வேலைப்பாடு அதற்குப் பிறகு. முத்திரையையும் சேதாரத்தையும் கடைசியில்தான் கணக்கில் எடுப்பேன்.